ஐந்து ரூபாய் டாக்டரும் அம்மாவின் நோட்டும்: ஒரு நோயோட உண்மையான செலவு என்ன?

போன மாசம் நம்ம சேனல்ல ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுக்குக் கீழ ஒரு தம்பி எழுதியிருந்தார்: "எனக்கு 26 வயசு, தினமும் ஜிம்முக்குப் போறேன். எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" நியாயமான கேள்வி. 26 வயசுல நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனா அந்த வயசுக்கு முன்னாடியே எங்க வீட்டுல அதுக்கு ஒரு பதில் கிடைச்சிடுச்சு. இன்னைக்கு அதை எழுதலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி எங்க ஏரியா டாக்டர் ஒருத்தரைப் பத்திச் சொல்லணும்.

வியாசர்பாடியின் கன்சல்டேஷன் ஃபீஸ்

வியாசர்பாடின்னா வெளியில இருக்கிறவங்களுக்கு மழைக்காலத்துல தண்ணி நிக்கிற கணேசபுரம் சப்வேதான் ஞாபகம் வரும். எங்களுக்கு ஃபுட்பால் ஞாபகம் வரும், கேரம் ஞாபகம் வரும், அதோட டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் ஞாபகம் வருவார். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1973-ல் எருக்கஞ்சேரியில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்தபோது அவர் வாங்கிய கட்டணம் 2 ரூபாய். பிறகு அது 5 ரூபாய் ஆனது. 'அஞ்சு ரூபா டாக்டர்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

அக்கம்பக்கத்து டாக்டர்கள் சிலர், குறைந்தது 100 ரூபாயாவது வாங்குங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. தான் செலவில்லாமல் படித்ததற்குக் காமராஜர் கால அரசின் கொள்கையே காரணம், அதனால்தான் மக்களுக்கு இப்படிச் செய்கிறேன் என்பது அவர் சொன்ன விளக்கம். 2020 ஆகஸ்ட்டில், 70 வயதில், இதய பாதிப்பால் காலமானார்.

பக்கத்துப் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இதே போல ஒருவர் இருந்தார். டாக்டர் ஜெயச்சந்திரன், 2018 டிசம்பரில் மறைந்தவர். அவருக்கும் 'அஞ்சு ரூபா டாக்டர்' என்றுதான் பெயர். 2017-ல் 'மெர்சல்' வந்தப்போ, படத்துல வர்ற அஞ்சு ரூபா டாக்டரைப் பார்த்துட்டு வட சென்னைக்காரங்க, "இதுல என்ன புதுசு? நம்ம ஏரியாவுலதான் ரெண்டு பேர் இருக்காங்களே"ன்னு பேசிக்கிட்டாங்க.

இதுல ஒரு ஆடிட்டரா என் கண்ணுல படுற விஷயம் ஒண்ணு இருக்கு. திருவேங்கடம் ஒரு கார்ப்பரேட் மருத்துவமனையில் சம்பள வேலையும் பார்த்தார். அந்த வருமானம் வீட்டுக்கு, இந்த கிளினிக் ஊருக்கு. அதாவது அவருடைய தர்மம் ஒரு நிலையான வருமானத்தின் மேல் நின்றது. அதனால்தான் அது ஒரு வருஷம் ரெண்டு வருஷத்தோட முடியாம, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது.

5 ரூபாய் எதை மிச்சப்படுத்தியது?

300 ரூபாய் வாங்கும் இடத்தில் 5 ரூபாய் வாங்கினால் நோயாளிக்கு 295 ரூபாய் லாபம் என்று நினைப்போம். அது சின்னக் கணக்கு.

தினக்கூலி வாங்குறவருக்கு ஜுரம் வருது. ஃபீஸ் 300 ரூபாய்னா, "ரெண்டு நாள் பார்ப்போம், தானா சரியாயிடும்"னு மெடிக்கல் ஷாப்புல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்குவார். நாலாவது நாள் முடியாம டாக்டர்கிட்ட போவார். அதுக்குள்ள நோய் முத்திப்போயிருக்கும். ஃபீஸ் 5 ரூபாய்னா முதல் நாள் சாயங்காலமே போய் நிப்பார். அந்த டாக்டர் மிச்சப்படுத்தியது இந்த நாலு நாளைத்தான்.

வருமான வரி ரிட்டர்னை லேட்டா போட்டா 5,000 ரூபாய் வரைக்கும் லேட் ஃபீ உண்டு. அதுக்காகவே ஜூலை கடைசி வாரம் எனக்கு ராத்திரி பகல் போன் வரும். நோய்க்கும் லேட் ஃபீ உண்டு. ஆனா அதுக்கு உச்சவரம்பு கிடையாது. கடைசித் தேதி என்னன்னும் யாரும் மெசேஜ் அனுப்ப மாட்டாங்க.

எங்க வீட்டு லேட் ஃபீ

2011. நான் ஆர்டிகிள்ஷிப்பில் இருந்தேன். மாசம் வர்ற ஸ்டைபண்ட் பஸ் பாஸுக்கும் மதிய சாப்பாட்டுக்கும் சரியா இருக்கும். அப்பா ஒரு லேத் பட்டறையில் வேலை. சம்பளம் 9,000 ரூபாய். அவருக்குச் சுகர் இருந்தது. கால் விரல் இடுக்கில் ஒரு சின்னப் புண் வந்தது. லீவு போட்டா சம்பளம் கட். அதனால மஞ்சள் வச்சுக் கட்டிக்கிட்டு மூணு வாரம் வேலைக்குப் போனார். சுகர்ல நரம்பு மரத்துப்போனா வலி தெரியாது. "வலியே இல்லை"ன்னு அவர் சொன்னப்போ நாங்க சந்தோஷப்பட்டோம். வலி இல்லாததுதான் ஆபத்துன்னு எங்களுக்கு அப்போ தெரியலை.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். ரெண்டு விரலை எடுத்தார்கள். ரெண்டு வாரத்துல பில் 1,10,000 ரூபாய். அம்மாவோட செயினும் வளையலும் அடகுக் கடைக்குப் போனது. கையில இருந்தது தீர்ந்ததும், மிச்ச வைத்தியத்துக்கு ஸ்டான்லிக்கு மாத்தினோம். எங்க பாட்டி கடைசி வரைக்கும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லும். பழைய பேர் அது. அங்கதான் காயம் ஆறுச்சு. அப்பா திரும்ப வேலைக்குப் போக மொத்தம் ஏழு மாசம் ஆச்சு.

அந்த ஏழு மாசமும் அம்மா ஒரு 40 பக்க நோட்டுல கணக்கு எழுதினாங்க. பஞ்சு, பேண்டேஜ், ஆட்டோ, டீ, அடகு வட்டி எல்லாம் வரிசையா இருக்கும். ஒவ்வொரு மாசக் கடைசியிலும் ஒரு வரி: "அவர் சம்பளம் 9,000, வரலை." எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. இழந்த வருமானமும் ஒரு செலவுதான்னு நான் சிஏ புத்தகத்துல படிச்சுக்கிட்டு இருந்ததை, அவங்க அந்த நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தாங்க. கூட்டிப் பார்த்தா 63,000 ரூபாய். ஆஸ்பத்திரி பில்லுக்கு அடுத்த பெரிய தொகை அதுதான்.

சிஏ பாஸ் பண்ணி ரெண்டு வருஷம் கழிச்சு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். கணக்குல ஒரு தப்பு இருந்தது. அம்மா அப்போ வீட்டு வாசல்ல காலையில இட்லிக் கடை போட்டிருந்தாங்க. ஆஸ்பத்திரியில அப்பா கூட இருக்கணும், தினமும் காயத்துக்குக் கட்டு மாத்தணும்னு அந்தக் கடையை மூடினாங்க. அந்த இழப்பு நோட்டுல எங்கேயும் இல்லை. "ஏம்மா இதை எழுதலை?"ன்னு கேட்டேன். "அது என்னடா செலவு? நான் வீட்டுல சும்மாதானே இருந்தேன்"னாங்க.

ஸ்டான்லி வராண்டாவில் ராத்திரி பாய் விரிச்சுப் படுத்துட்டு, காலையில ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து சமைச்சு எடுத்துக்கிட்டு ஓடினவங்க சொன்ன பதில் இது. டாக்டர் திருவேங்கடம் மறைந்தபோது முதலமைச்சர் முதல் எல்லோரும் இரங்கல் சொன்னார்கள், அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை. நோயாளி பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்க பேரு எந்தப் பேப்பர்லயும் வராது, எந்த பாலன்ஸ் ஷீட்லயும் வராது.

67 ரூபாய் 50 காசு

இதுல எனக்கு இன்னைக்கும் ஆறாத ஒரு விஷயம் இருக்கு. அப்பாவோட பட்டறையில் 20 பேருக்கு மேல் வேலை பார்த்தாங்க. இஎஸ்ஐ பிடிக்கவே இல்லை. கேட்கணும்னு அப்பாவுக்கும் தெரியலை, கணக்கு படிச்சுக்கிட்டு இருந்த எனக்கும் தோணலை.

இன்றைய விதிப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 9,000 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி கட்டுவது 67 ரூபாய் 50 காசு. அதற்குப் பதிலாகக் குடும்பத்துக்கு மருத்துவம் கிடைக்கும். எங்க ஏரியாவுக்கு அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். இதைவிட முக்கியம், உடம்பு முடியாமல் லீவில் இருக்கும்போது, தேவையான நாட்களுக்குப் பங்களிப்பு கட்டியிருந்தால், கூலியில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை பணமாகவே வரும். காசநோய் போன்ற சில நீண்டகால நோய்களுக்கு, கூடுதல் தகுதிகள் இருந்தால், 80 சதவீதம் வரை, ரெண்டு வருஷம் வரைக்கும் கிடைக்கும்.

"அவர் சம்பளம் 9,000, வரலை" என்ற வரியில் முதல் மூணு மாசத்துக்காவது "6,300 வந்தது" என்று அம்மா எழுதியிருக்கலாம்.

"எனக்கு ஆபீஸ்லயே இன்சூரன்ஸ் இருக்கே?"

இருக்கட்டும், நல்லது. ஆனா அது வேலையோட சேர்ந்தது. வேலை போற அன்னைக்கு அதுவும் போயிடும். அப்புறம் அதுக்குள்ள ரூம் வாடகை வரம்புன்னு ஒரு வரி இருக்கும். நம்ம பசங்க பல பேர் படிக்காம விடுறது அதைத்தான்.

ஒரு உதாரணம். பாலிசி 5 லட்சம், ரூம் வரம்பு ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். "அப்பாவுக்குத்தானே, நல்ல ரூமா இருக்கட்டும்"னு 8,000 ரூபாய் ரூம் எடுக்குறீங்க. அஞ்சு நாள். ரூம் 40,000, சர்ஜரி, டாக்டர், நர்ஸிங் போன்ற கட்டணங்கள் 1,60,000, மருந்து 60,000. மொத்தம் 2,60,000 ரூபாய். கூடுதல் ரூம் வாடகை 15,000 தானேன்னு நினைப்பீங்க. ஆனா பல பாலிசிகளில் சர்ஜரி, டாக்டர் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். 8,000-க்கு 5,000, அதாவது 62.5 சதவீதம்தான் தருவார்கள். ரூமுக்கு 25,000, கட்டணங்களுக்கு 1,00,000, மருந்துக்கு 60,000. கம்பெனி தருவது 1,85,000. உங்க கையிலிருந்து 75,000 ரூபாய். டிஸ்சார்ஜ் அன்னைக்கு பில்லிங் கவுன்டர்ல நின்னு இதைத் தெரிஞ்சுக்கிறது ரொம்பக் கொடுமை.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது. 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்திருக்கிறது என்கிறது அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு. முன்னேற்றம்தான். ஆனாலும் 100 ரூபாயில் கிட்டத்தட்ட 40 ரூபாய் இன்னும் நம்ம பர்ஸிலிருந்துதான் போகுது.

இந்த வாரம் செய்ய வேண்டிய ஐந்து வேலைகள்

1. பே ஸ்லிப்பைத் திறங்க. உங்க சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா இஎஸ்ஐ பிடித்தம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா எச்ஆர்கிட்ட கேளுங்க. வீட்டுல யாராவது பட்டறையிலயோ கடையிலயோ வேலை பார்த்தா அவங்களுக்கும் கேளுங்க. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்றும் பாருங்க. வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு.

2. ஆபீஸ் பாலிசியில் மூணு வரி படிங்க. ரூம் வரம்பு எவ்வளவு, அப்பா அம்மா சேர்ந்திருக்காங்களா, நாம பங்கு கட்டணுமா. பத்து நிமிஷ வேலை.

3. சொந்தமா ஒரு பாலிசி எடுங்க. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போ அதிகபட்சம் 36 மாசம். உடம்பு நல்லா இருக்கும்போதே ஆரம்பிச்சா அந்தக் கடிகாரம் சும்மா ஓடிக்கிட்டிருக்கும். ஜிம் தம்பிக்கு என் பதில் இதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது, முன்னாடி 18 சதவீதம் கட்டினோம். 80டி கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். அது கிடைக்கலைங்கிறதுக்காகப் பாலிசியை விடாதீங்க. சுகர், பிபி இருந்தா மறைக்காம எழுதுங்க.

4. 'முதல் நாள் பணம்' தனியா வைங்க. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் சேர்க்க நாளாகும். அதுக்கு முன்னாடி 10,000 ரூபாயைத் தனி அக்கவுண்டில் போட்டு, டாக்டர் ஃபீஸ், டெஸ்ட், ஒரு நாள் லீவு இதுக்கு மட்டும்னு வைங்க. "ரெண்டு நாள் பார்ப்போம்"ங்கிற வார்த்தை வீட்டுல வரக்கூடாது. மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிபி பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். அந்த அக்கா வந்தா உட்காரச் சொல்லி ஒரு தண்ணி கொடுங்க.

5. ஒரு நோட்டு போடுங்க. பாலிசி நம்பர், ரத்த வகை, சாப்பிடுற மாத்திரைகள், பழைய ரிப்போர்ட் எங்க இருக்கு, எல்லாம் ஒரே இடத்துல. அதுல உங்க வீட்டுல நோயாளியைப் பார்த்துக்கிறவங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க. அவங்க கடைசியா எப்போ செக்கப் போனாங்க, அவங்க விட்ட வருமானம் எவ்வளவு, எழுதுங்க.

அம்மாவோட நோட்டு இப்போ என் ஆபீஸ் டிராயர்ல இருக்கு. நகையை மீட்டுக் கொடுத்துட்டேன். போன வருஷம் முதல் முறையா அம்மாவுக்கு முழு செக்கப் எடுத்தேன். அவங்களுக்கும் சுகர். எத்தனை வருஷமா இருந்ததோ, யாருக்கும் தெரியாது. "உங்கப்பாவைப் பார்த்துக்கிட்டு இருந்ததுல கவனிக்கலைடா"ன்னாங்க. நல்லவேளை, கால்ல புண் எதுவும் இல்லை.

நாலாவது, அஞ்சாவது வேலையை இன்னைக்கே முடிச்சிடலாம். உங்க வீட்டுல அப்படி யார் இருக்காங்கன்னு கமென்ட்ல எழுதுங்க. எழுதுறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு போன் போட்டு, "மாத்திரை போட்டியா"ன்னு கேட்டுடுங்க. ரூம் வரம்பு கணக்கை எக்செல்ல போட்டு அடுத்த வீடியோவுல காட்டுறேன். சந்திப்போம்.