சிற்பங்களில் சிகையொப்பனை

சிற்பங்களில் சிகையொப்பனை என்பது தலைவாருதல், கூந்தல் உலர்த்துதல், கொண்டை முடிதல், மழித்தல் ஆகிய அன்றாடச் செயல்களும் அவற்றுக்குரிய சீப்பு, கண்ணாடி, சவரக்கத்தி முதலிய கருவிகளும் சிற்பக்கலையில் இடம்பெறும் முறையைக் குறிக்கும். தருமபுரி மாவட்ட நடுகற்கள் முதல் இக்கால நிறுவல் சிற்பங்கள் வரை இதற்குச் சான்றுகள் உள்ளன. ஒரு சிற்பத்தின் காலம், தகுதி, சமயம் ஆகியவற்றை அறிய முடியமைப்பு பெரிதும் உதவுகிறது.

பெயர்களும் கருவிகளும்

பெண்களின் கூந்தல் ஒப்பனையைத் தமிழ் மரபு முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்தாகப் பகுத்து, 'ஐம்பால்' என்று வழங்கியது. முடியை உச்சியில் முடிவது, பக்கவாட்டில் கொண்டையிடுவது, சுருட்டிச் செருகுவது போன்ற வேறுபாடுகளுக்கு ஏற்ப இப்பெயர்கள் அமைந்தன. சிவகங்கை மாவட்டம் கீழடி அகழாய்வில் தந்தத்தால் செய்த சீப்பு கிடைத்துள்ளது. சீப்பு பயன்பொருளாக மட்டுமன்றிக் கலைப்பொருளாகவும் இருந்ததை இது காட்டுகிறது.

சிற்பநூல் மரபு

சிற்பநூல்கள் தலைக்கோலத்தைத் தனி இலக்கணமாகவே வகுத்துள்ளன. சடாமகுடம், கரண்டமகுடம், கேசபந்தம், தம்மில்லம், குந்தளம் என்பன அவற்றுட் சில. சிவனுக்குச் சடாமகுடமும், காளிக்குத் தீக்கொழுந்து போல் எழும் சுவாலாகேசமும் உரியவை. திருவெண்காட்டில் கிடைத்து, இன்று தஞ்சாவூர் கலைக்கூடத்தில் உள்ள இடபவாகனதேவர் செப்புத்திருமேனி (கி.பி. 1011) குறிப்பிடத்தக்கது. இதில் சிவனின் சடை பாம்புகளுடன் சேர்த்துத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டப்பட்டுள்ளது. முடியை முறுக்கிச் சுற்றும் கைப்பழக்கம் உலோகத்தில் வடிவம் பெற்றதற்கு இது நல்ல சான்று.

தருமபுரி வட்டாரம்

பழந்தகடூரான தருமபுரிப் பகுதி, அதை ஒட்டிய செங்கம் பகுதியுடன் சேர்ந்து, நடுகற்கள் மிகுந்த நிலப்பரப்பாகும். பல்லவர் காலம் முதல் வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் இங்குக் கிடைக்கின்றன. வில்லும் வாளும் ஏந்திய வீரனின் முடி பெரும்பாலும் கொண்டையாக முடியப்பட்டிருக்கும். ஆநிரை மீட்கும் போரில் பார்வையை மறைக்காதபடி முடியை இறுக்கிக் கட்டுவது தேவையாகவும் இருந்திருக்கும். சில கற்களில் வீரனின் அருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டுள்ளன.

தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கும் நவகண்டச் சிற்பங்கள் தமிழகத்தின் பல இடங்களில் உள்ளன. அவற்றுள் பலவற்றில் வீரன் ஒரு கையால் தன் குடுமியைப் பற்றி, மறு கையால் வாளைக் கழுத்தில் வைத்திருப்பான். நாள்தோறும் வாரி முடிந்த அதே முடி, அங்கே உயிர்க்கொடையின் அடையாளமாகிறது.

தகடூரில் சமணமும் செழித்திருந்தது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நொளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில் இங்குச் சமணப் பள்ளி எழுந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. சமணத் துறவிகள் கத்தியோ கத்தரியோ தொடாமல், தம் முடியைக் கையாலேயே பறித்துக்கொள்வர். இச்சடங்கு கேசலோசம் எனப்படும். முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதர் நான்கு பிடி முடியைப் பறித்தபின், இந்திரன் வேண்டியதால் எஞ்சியதை விட்டுவிட்டார் என்பது சுவேதாம்பர மரபு. தோள்மீது முடிக்கற்றை விழும் தீர்த்தங்கரர் உருவத்தை ஆதிநாதர் என்று அறிஞர்கள் அடையாளம் காண்பது இதனால்தான்.

கண்ணாடியும் கூந்தலும்

கர்நாடகத்தின் பேலூர் சென்னகேசவர் கோயில், போசள மன்னன் விட்டுணுவர்த்தனனால் 1117இல் எழுப்பப்பட்டது. அங்குள்ள 'தர்ப்பண சுந்தரி' கையில் கண்ணாடி ஏந்தித் தன் அழகைப் பார்க்கிறாள். குளித்த பெண் கூந்தலைப் பிழிய, சொட்டும் நீரை முத்தென்று எண்ணி அன்னம் பருகும் காட்சியும் இந்தியச் சிற்பங்களில் பல இடங்களில் உண்டு.

நாவிதர் எங்கே?

இச்சிற்பங்களில் கண்ணாடியும் கூந்தலும் நிறைய உண்டு. ஆனால் பிறர் முடியைத் திருத்திய நாவிதரையும், கத்தி, கத்தரி, சாணைக்கல் வைத்த அவருடைய அடைப்பத்தையும் காண்பது அரிது. கோயிலில் முடி காணிக்கை, திருமணம், இறப்பு என எல்லாச் சடங்குகளிலும் தேவைப்பட்ட அவர்களைச் சமூகம் தள்ளியே வைத்திருந்தது. கல்லிலும் அந்த இடைவெளி தெரிகிறது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்குத் புடைப்புச் சிற்பம் ஒன்று இதற்கு விதிவிலக்கு. மகாதேவ சாதகக் கதையில், நரை தோன்றினால் தெரிவிக்குமாறு அரசன் நாவிதரிடம் சொல்லி வைக்கிறான். ஒரு நாள் அவர் நரைமுடியைப் பிடுங்கிக் கையில் வைக்க, அரசன் முதுமையை உணர்ந்து துறவு பூணுகிறான். நாவிதருக்கு ஓர் ஊரையும் பரிசளிக்கிறான். இக்கதைக் காட்சி கதையின் பெயர் பொறித்த எழுத்துடன் பார்குத்தில் செதுக்கப்பட்டுள்ளது. அரசனுக்கு உண்மையை உணர்த்துபவர் இங்கே அமைச்சரோ முனிவரோ அல்லர், நாவிதர்.

இக்காலச் சிற்பம்

கர்நாடகத்தின் பத்ராவதியில் 1957இல் பிறந்த ஷீலா கௌடா, 2009இல் 'பிஹோல்ட்' என்ற படைப்பை உருவாக்கினார். ஏறத்தாழ 4,000 மீட்டர் முடிக்கயிற்றில் கார் பம்பர்களைத் தொங்கவிட்ட படைப்பு இது. கோயிலில் காணிக்கையாக மழிக்கப்படும் முடியில் நீளமானது சவுரிக்காக விற்பனையாகிறது; குட்டையானது கயிறாகத் திரிக்கப்பட்டுத் தென்னிந்திய வாகனங்களில் கண்ணேறு கழிக்கக் கட்டப்படுகிறது. மெல்லிய முடி கனத்த எஃகைத் தாங்குவதே இப்படைப்பின் மையம். அமெரிக்கக் கலைஞர் சோனியா கிளார்க் 2008இல் 3,840 சட்டைப்பைச் சீப்புகளை அடுக்கி, கூந்தல் பராமரிப்புப் பொருள் தொழிலில் புகழ்பெற்ற கறுப்பினப் பெண்மணி மேடம் சி. ஜே. வாக்கரின் உருவத்தை அமைத்தார். சீப்பின் பற்களை ஒடித்தும் விட்டும் ஒளி நிழல் காட்டியது இதன் உத்தி.

பாதுகாப்பு

நடுகற்களில் முடியின் இழைகளும் கொண்டையின் முடிச்சும் ஆழமின்றிச் செதுக்கப்பட்டவை. எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு, வண்ணப்பூச்சு ஆகியவை படியும்போது முதலில் மறைபவை இவைதாம். அவை மறைந்தால், அக்கல்லின் காலத்தைக் கணிக்க உதவும் ஒரு சான்றும் மறைகிறது. தருமபுரி நகரிலுள்ள தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் இவ்வட்டார நடுகற்கள் சில வைக்கப்பட்டுள்ளன. வயல்வெளிகளில் நிற்கும் கற்களை மாணவர்கள் காண நேர்ந்தால், எதையும் தேய்க்காமல், பக்கவாட்டில் வெயில் விழும் காலை அல்லது மாலையில் ஒளிப்படம் எடுத்துப் பதிவு செய்யலாம். அப்போது கொண்டையின் கோடுகள் தெளிவாகத் தெரியும்.