கோபம் வந்தால் என்ன செய்வது? ரென்னிஸ் களம் தரும் பாடம்



பலெர்மோவில் எமது பிள்ளைகள் பலர் பாடசாலை முடிந்ததும் உதைபந்தாட்டம், கிரிக்கெட், ரென்னிஸ் என்று ஓடுகிறார்கள். மகிழ்ச்சியான விடயம். ஆனால் சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லவேண்டும். மகனின் ரென்னிஸ் போட்டியை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இலகுவான பந்தொன்றை அவன் வலையில் அடித்தவுடன் தமிழில் சத்தம் போட்டோம். அடுத்த நிமிடம் அவன் மட்டையை நிலத்தில் ஓங்கி அடித்தான். வீட்டுக்கு வரும்வரை இருவரும் கதைக்கவில்லை. வைத்தியராக இருந்தும் அன்று தவறியது நாமே.

கோபத்தின்போது உடலில் நடப்பது என்ன? அபாயம் என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன, கவனம் குறுகுகிறது. ஓடித் தப்புவதற்கு இது நல்லது. பந்தை மெதுவாக வலைக்கு மேலால் தட்டிவிடுவதற்கு உதவாது.

பெரிய வீரர்களும் இதற்கு விலக்கல்ல. எமது பலெர்மோவில் பிறந்த மார்கோ செக்கினாட்டோ 2018 இல் பாரிஸில் நொவாக் ஜோக்கோவிச்சை வென்றது பலருக்கு நினைவிருக்கும். அதே ஜோக்கோவிச் 2020 இல் நியூயோர்க்கில் புள்ளி இழந்த கோபத்தில் பந்தொன்றைப் பின்னால் அடித்தார். அது கோட்டு நடுவராக நின்ற பெண்ணின் தொண்டையில் பட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்.

அப்படியானால் நிதானம் பிறவிக் குணமா? இல்லை. விம்பிள்டனை 1976 முதல் 1980 வரை தொடர்ந்து வென்ற பியோன் போர்க்கை அமைதியின் உருவம் என்பார்கள். சிறுவயதில் மட்டையை எறிந்து கெட்ட வார்த்தை பேசியதற்காக அவரது கழகமே அவரைச் சில மாதங்கள் விலக்கிவைத்தது. அவரது போட்டியாளர் ஜோன் மெக்கன்ரோ நடுவர்களோடு சண்டை பிடிப்பதில் பேர்போனவர். 1990 இல் மெல்பேர்னில் அதற்காகவே நீக்கப்பட்டார். ஆனால் போர்க்குக்கு எதிராக விளையாடும்போது அவர் அடக்கமாகவே இருந்தார். எதிராளி மேல் இருந்த மரியாதை கோபத்துக்குக் கடிவாளம் போட்டது.

பிள்ளைகளுக்குத் தெரிந்த உதாரணம் யானிக் சின்னர். 2025 ஜூன் 8 பாரிஸ் இறுதிப் போட்டியில் வெற்றிக்கு ஒரு புள்ளி என்ற நிலைக்கு மூன்று முறை வந்தும், 5 மணி 29 நிமிடங்களின் பின் கார்லோஸ் அல்கராஸிடம் தோற்றார். 35 நாட்களின் பின் விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸை வென்றார்.

இனிச் செய்யக்கூடியவை:

1. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் வீரருக்கு 25 விநாடிகள் உண்டு. பிள்ளை அதில் மூக்கால் மூச்செடுத்து, எடுத்ததைவிட நீண்ட நேரம் வெளியே விடட்டும். இதயத் துடிப்பு தணியும்.

2. கத்தித் தீர்த்தால் கோபம் அடங்கும் என்பது தவறான நம்பிக்கை. உடலைத் தளர்த்துவதே உதவும் என ஆய்வுகள் காட்டுகின்றன.

3. போட்டி முடிந்து வீடு திரும்பும்போது பிழைகளை எண்ணாதீர்கள். சாப்பிட்டபின் கதைக்கலாம்.

4. பெரியவர்களே, கடும் கோபத்துக்குப் பின்வரும் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது. இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போருக்குள் வளர்ந்து அகதியாக வந்த எம்மில் பலருக்கு உடலின் அபாய மணி சிறு சத்தத்துக்கும் அடித்துவிடும். அது குணக்கேடு அல்ல, உயிரைக் காக்கப் பழகிய உடல். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தக் காரணம் தெரியாது. அப்பாவின் சத்தம் மட்டுமே கேட்கும். நித்திரைக் குழப்பம், கெட்ட கனவு, அடிக்கடி கை ஓங்குதல் இருந்தால் வெட்கப்படாமல் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். சிகிச்சை உண்டு.

மகன் இப்போதும் விளையாடுகிறான். நாம் வேலிக்கு வெளியே நின்று கை மட்டும் தட்டுகிறோம்.