உங்களுக்குத் தெரியுமா? கார்புரேட்டர் வழியும்போது...

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில், பிரிட்டனில் விற்றவற்றுக்கு இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். இரண்டுக்கும் தனித்தனி ஓவர்ஃப்ளோ குழாய் உண்டு. எதன் நுனி ஈரமோ, கோளாறு அதில்தான்.

எஸ்.யூ.வை உருவாக்கிய ஸ்கின்னர் குடும்பத்தின் தொழில் காலணி வியாபாரம். முதலில் வந்த கார்புரேட்டர்களில் பிஸ்டன் கிடையாது, தோல் துருத்திதான். அவர்கள் வீட்டில் தோலுக்கா பஞ்சம்!

வழிவதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். சாவியைத் திருப்பினால் காரின் பின்பக்கத்தில் மின் பம்ப் 'டிக் டிக்' என்று தட்டும். ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். டேங்கில் பெட்ரோல் இருந்தும் ஓயாமல் தட்டினால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே சாவியை அணையுங்கள். கார்புரேட்டருக்கு நேர் கீழே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது. இதில் விளையாட்டு வேண்டாம்.

பெரும்பாலும் குற்றவாளி, நீடில் வால்வில் சிக்கிய ஒரு துளி தூசு. ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் சேம்பர் மூடியை லேசாகத் தட்டினாலே சில நேரம் நின்றுவிடும். திரும்ப வந்தால் மூன்று திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்க வேண்டியதுதான். ஃப்ளோட்டின் பின்னை உருவியதும் நீடில் உள்ளங்கையில் விழும். அதன் கூம்பு முனையை நகத்தால் வருடிப் பாருங்கள். வளையம்போலப் பள்ளம் தட்டுப்பட்டால், துடைத்து மாட்டிப் பயனில்லை, சீட்டோடு சேர்த்து மாற்றுங்கள். முனையில் ரப்பர் வைத்த விட்டான் வகை தூசைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஃப்ளோட்டையும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளத்தால் அது ஓட்டை. மிதக்காமல் மூழ்கும், வால்வும் மூடாது.

மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட்டுக்கும் மூடிக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இது எச்.எஸ்.4 வகை எஸ்.யூ.வுக்கான கணக்கு. பின்னால் வந்த எச்.ஐ.எஃப். வகையில் ஃப்ளோட் அடியில் இருப்பதால் அளவு வேறு.

நம்மூர் பழைய பெட்ரோல் அம்பாசடரிலும் எஸ்.யூ. ஓடியிருக்கிறது. அதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குக் கை தயங்காது.

எல்லாம் புதிதாகப் போட்டும் வழிகிறதா? பம்பைப் பாருங்கள். எஸ்.யூ.வுக்குச் சுமார் 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். அதைவிட வலுவான பம்பை மாட்டினால் அது நல்ல வால்வையும் தள்ளித் திறந்துவிடும். இது தெரியாமல் புது கார்புரேட்டருக்குக் காசை இறைப்பவர்களைக் கண்டால் பாவமாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கார்புரேட்டரின் தலையிலுள்ள மூடியைத் திறந்து ஊற்றும் எண்ணெய்க்கும் இந்த வழிதலுக்கும் சம்பந்தமே இல்லை.