அழைப்புக்கு முன்னே ஓர் ஆலோசனை

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பார்கள் நம் பெரியோர். காரியம் கெட்ட பின் கையைப் பிசைவதைவிட, அதைத் தொடங்கும் முன்னே ஒரு கணம் நின்று பார்ப்பது நன்று. மனிதருக்குச் சொன்ன இந்த அறிவுரையைக் கணிப்பொறிக்கும் சொல்ல முடியுமா? முடியும் என்பதை எங்கள் தவறு ஒன்றே எங்களுக்குக் கற்றுத் தந்தது. அதனை எம் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். பெரிய நிரலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு வேலையும் கொடுப்பார்கள். இப்பகுதிக்குச் செயற்கூறு என்று பெயர். பெயர் சொல்லி அழைத்தால் அது வந்து தன் வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்.

நாங்கள் நால்வர் நூலகத்துக்காகப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதினோம். நூல் வழங்குதல், திரும்பப் பெறுதல், புதுப்பித்தல், புதிய நூல் சேர்த்தல் என அதில் ஒன்பது செயற்கூறுகள் இருந்தன. நூலகப் பொறுப்பிலுள்ள மாணவி மட்டுமே இவற்றை இயக்கலாம் என்பது ஆசிரியை இட்ட நிபந்தனை. ஆகவே, ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் "அழைப்பவர் யார்?" என்று சரிபார்க்கும் மூன்று வரிகளை எழுதினோம். எழுதியதாக நினைத்தோம் என்பதே உண்மை! 'புதுப்பித்தல்' ஒன்றில் மட்டும் அவ்வரிகளை மறந்துவிட்டோம். இரு வாரம் கழித்துப் பார்த்தால், ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தன் கதைப் புத்தகத்தைத் தானே நான்கு முறை புதுப்பித்திருக்கிறாள்! அவள்மேல் குற்றமில்லை. கதவைத் திறந்து வைத்தவர்கள் நாங்களே.

ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "பாடம் தொடங்குமுன் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறீர்களே, அது எந்தப் பாடநூலிலாவது அச்சிடப்பட்டிருக்கிறதா?" இல்லை! கணக்குப் புத்தகத்திலும் இல்லை, வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை. 'எந்தப் பாடமானாலும் தொடங்குமுன் இப்படிச் செய்க' என்ற விதி ஒரே முறை சொல்லப்பட்டது. அது எல்லாப் பாடங்களுக்கும் பொருந்துகிறது. நிரலிலும் இவ்வாறே செய்யலாம் என்றார் ஆசிரியை. அம்முறைக்கு 'ஆஸ்பெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்' என்று பெயர். ஆஸ்பெக்ட் என்றால் ஒரு பொருளின் ஒரு பக்கம் அல்லது ஒரு கோணம் எனலாம்.

இதன் வித்து 1966-ஆம் ஆண்டிலேயே ஊன்றப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வாரன் டைட்டல்மன் என்பவர் தமது முனைவர் பட்ட ஆய்வில், ஏற்கெனவே எழுதப்பட்ட செயற்கூற்றைத் திருத்தாமலே அதன் நுழைவாயிலில் புதிய கட்டளைகளைச் சேர்க்கும் வழியைக் காட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'அட்வைஸ்', அதாவது ஆலோசனை. பின்னர், செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் கிரெகோர் கிசாலஸும் அவருடைய குழுவினரும் இத்தகைய எண்ணங்களை வளர்த்து, 1997-இல் பின்லாந்தில் நடந்த மாநாட்டிலே ஆஸ்பெக்ட் முறையை அறிவித்தனர். ஜாவா மொழிக்காக 'ஆஸ்பெக்ட்ஜே' என்னும் கருவியையும் அக்குழுவினர் உருவாக்கினர்.

இம்முறையில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும். முதலாவது, எங்கே? 'நூல் என்று பெயர் தொடங்கும் எல்லாச் செயற்கூறுகளும்' என்பது போல இடங்களைத் தேர்ந்து சொல்ல வேண்டும். இதற்குப் 'பாயின்ட்கட்' என்று பெயர். இரண்டாவது, என்ன செய்ய வேண்டும்? அதுவே ஆலோசனை. செயற்கூற்றுக்கு முன்னே நடப்பது ஒரு வகை, பின்னே நடப்பது ஒரு வகை, முன்னும் பின்னும் சூழ்ந்து நிற்பது மற்றொரு வகை. சூழ்ந்து நிற்கும் ஆலோசனை விரும்பினால் செயற்கூற்றை நடக்க விடும், விரும்பாவிட்டால் விடாது. முன்னே நடக்கும் ஆலோசனைக்கோ அவ்வளவு உரிமை இல்லை. அது தன் வேலையை முடித்ததும் செயற்கூறு தானாகவே தொடங்கிவிடும். அதைத் தடுக்க வேண்டுமானால் 'பிழை!' என்று குரல் எழுப்பி நிறுத்துவது ஒன்றே வழி.

தனித்தனியே எழுதிய ஆலோசனையையும் செயற்கூறுகளையும் ஒன்று சேர்ப்பதற்கு 'வீவிங்', அதாவது நெசவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தறியைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? நீளவாட்டில் ஓடும் பாவு நூல்களே நம் செயற்கூறுகள். அவை அனைத்தையும் குறுக்கே கடந்து செல்லும் ஊடை நூலே ஆலோசனை. நிரலை மொழிமாற்றும்போதே இந்நெசவைச் செய்யலாம். நிரல் ஓடும்போதும் செய்யலாம்.

இத்தனை நன்மை உடைய முறையில் தீமையே இல்லையா? உண்டு. வாயிற்காவலரை எண்ணிப் பாருங்கள். வெளியிலிருந்து வருபவரை அவர் நிறுத்திக் கேட்பார். உள்ளே இருப்பவர் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போவதை அவர் அறியார். ஜாவாவில் புகழ்பெற்ற 'ஸ்பிரிங்' என்னும் கட்டமைப்பு பொதுவாக ஒரு பொருளின் வாசலில் 'பிராக்ஸி' என்னும் காவலரை நிறுத்தியே ஆலோசனையை நடத்துகிறது. ஆதலால் ஒரு பொருளின் செயற்கூறு தன்னோடிருக்கும் மற்றொரு செயற்கூற்றை நேரே அழைத்தால், அங்கே ஆலோசனை நடப்பதில்லை!

இன்னோர் ஆபத்தும் உண்டு. 'நூல்' என்று தொடங்கும் ஒரு பெயரை யாரோ ஒருவர் 'புத்தகம்' என்று மாற்றிவிட்டால், அந்தச் செயற்கூறு ஓசையின்றி விதிக்கு வெளியே போய்விடும். செயற்கூற்றை மட்டும் படிப்பவருக்கோ அதன் முன்னே ஒரு விதி இருப்பதே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத காவல் உறங்கினாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எங்கள் நிரல் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? பைத்தானில் 'டெக்கரேட்டர்' என்னும் வசதி உண்டு. அது ஆஸ்பெக்ட் முறைக்கு ஒன்றுவிட்ட தங்கை எனலாம். சரிபார்க்கும் மூன்று வரிகளை ஒரே இடத்தில் எழுதி, ஒவ்வொரு செயற்கூற்றின் தலையிலும் ஒரு குறி மட்டும் இட்டோம். இருபத்தேழு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வரிகளும் ஒன்பது குறிகளும்! ஆனால், வரிகளை மறந்த நாங்கள் குறியையும் மறக்க மாட்டோமா? ஆகவே, பொறுப்பில் இல்லாத மாணவியின் பெயரால் ஒன்பது செயற்கூறுகளையும் ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்தோம். ஒன்பது முறையும் 'அனுமதி இல்லை' என்று வந்த பிறகே எங்களுக்கு நிம்மதி.

தோழியரே! விதியை ஒரே இடத்தில் எழுதுவது அறிவுடைமை. அது எல்லா இடத்திலும் நடக்கிறதா என்று சென்று பார்ப்பது பொறுப்புடைமை. முன்னதைக் கணிப்பொறி நமக்காகச் செய்து தரும். பின்னதை நாமே செய்ய வேண்டும். அணை போட்டால் மட்டும் போதாது. அதில் கசிவு உண்டா என்று நடந்து பார்ப்பதும் நம் கடமை அன்றோ?