ஓசையும் ஆற்றலும்: மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்

மாலை வேளைகளில் பட்டணத்துப் பட்டறை வாயில்களில் ஒரு காட்சியைக் காணலாம். தவணைப் பணம் பாதிகூடக் கட்டி முடியாத புது மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும். அதற்குரிய இளைஞன், தொழிற்சாலையார் பொருத்தி அனுப்பிய புகைக்குழாயைக் கழற்றி ஓரத்தில் எறியச் சொல்லி, பளபளக்கும் வேறொரு குழாயைப் பூட்டச் செய்வான். எஞ்சினை முடுக்கியதும் எழும் முழக்கம் தெருக்கோடி வரை கேட்கும். அவன் முகம் மலரும். வண்டிக்கு வேகம் கூடிவிட்டது என்று அவன் மனமார நம்புகிறான். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது?

பிழை சொல்லிலேயே தொடங்குகிறது எனலாம். ‘புகைபோக்கி’ என்பது அடுப்பங்கரைச் சொல். அடுப்புக்குப் புகை வெளியேறினால் போதும்; வழி எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. பட்டறையில் வழங்கும் ‘சைலன்சர்’ என்ற சொல் ஓசையை அடக்குவதைக் குறிக்கும். மலாய்மொழியின் ‘எக்சோஸ்’ வெளியேற்றத்தை மட்டும் சொல்லும். இக்குழாய் செய்யும் மூன்றாவது வேலைக்கு இம்மூன்று சொற்களிலும் இடமில்லை. எஞ்சின் மூச்சை விடவும் மறுமூச்சை வாங்கவும் துணை நிற்பதே அந்த வேலை. வேறு நல்ல சொல் ஒன்றைத் தமிழாசிரியர்கள் ஆக்கித் தருவார்களாயின் பட்டறைக்காரரும் பயனடைவர்.

அவ்வேலையை விளங்கிக்கொள்ள, தைப்பூசத்தன்று பத்துமலைப் படிக்கட்டில் நெருக்கியடித்து நிற்கும் வரிசையை நினைத்துப் பார்ப்போம். பின்னால் ஒருவர் தள்ளுகிறார். தள்ளப்பட்டவர் அரையடிதான் நகர்கிறார். ஆனால் அந்தத் தள்ளல் ஒருவர்மேல் ஒருவராகக் கணப்பொழுதில் வரிசையின் தலைப்புவரை போய்விடுகிறது. தலைப்பில் நிற்பவருக்கு முன்னே ஆளில்லை. ஆகவே அவர் இரண்டடி முன்னே தடுமாறிப் போகிறார். அவர் விட்ட வெற்றிடத்தை நிரப்ப அடுத்தவர் நகர, அதை நிரப்ப அவருக்கடுத்தவர் நகர, அந்த வெற்றிடம் வரிசையில் பின்னோக்கி ஓடி வருகிறது. தலைப்பில் சுவர் இருந்தாலோ கதை வேறு: முட்டிய தள்ளல் தள்ளலாகவே திரும்பி வரும்.

புகைக்குழாயினுள் நடப்பதும் இதுவே. வெளிவால்வு திறந்ததும் சிலிண்டரிலிருந்து பாயும் வாயு குழாயில் ஓர் அழுத்த அலையை எழுப்புகிறது. அது குழாயின் திறந்த வாயை அடைந்ததும் வெற்றிட அலையாக மாறி எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் வெளிவால்வு முற்றும் மூடுமுன்னரே உள்வால்வு திறந்துவிடும். இரண்டும் திறந்திருக்கும் அச்சிறு பொழுதில் வெற்றிட அலை வந்து சேருமானால், எஞ்சிய புகையை அது உறிஞ்சி இழுக்கும். அதன் பின்னாலேயே புதிய பெட்ரோல் கலவை கூடுதலாக உள்ளே வரும். அலை வேளை தப்பி வந்தால் இந்த உதவி கிட்டாது. அழுத்த அலையாக வந்துவிட்டாலோ புகை உள்ளேயே தங்கும்.

வேளை என்பது கணக்கில் அடங்குவதுதான். சாதாரணக் காற்றில் ஒலியலை விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்லும். 500 பாகை செல்சியஸ் சூடேறிய வாயுவிலோ 550 மீட்டருக்கு மேல் செல்லும். 1 மீட்டர் நீளக் குழாயில் அலை போய்த் திரும்ப, ஒரு விநாடியை 1,000 கூறாக்கினால் சுமார் 3.6 கூறு நேரமாகும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு ஒரு சுற்று முடிய 10 கூறு ஆகும். ஆகவே அலை திரும்புவதற்குள் அது மூன்றிலொரு சுற்றுக்குச் சற்று மேலே சுழன்றிருக்கும். 9,000 சுற்றில் ஓடினால் அதே நேரத்தில் அரைச் சுற்றையே தாண்டிவிடும். ஒரு குழாய் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது என்பது இதனால் விளங்கும். புல்லாங்குழலில் துளையின் இடம் சற்று மாறினாலும் சுரம் மாறுவதுபோல, குழாயின் நீளமும் அகலமும் மாறினால் அது எந்த வேகத்தில் உதவும் என்பதும் மாறுகிறது.

இரு வீச்சு எஞ்சினில் இக்குழாயின் பங்கு இன்னும் பெரிது. மலேசிய இளைஞர் இன்றும் போற்றும் யமாஹா ஆர்.எக்ஸ்.இசட். அவ்வகையைச் சேர்ந்தது. நான்கு வீச்சு எஞ்சினில் உள்ளவை போன்ற உள்வால்வும் வெளிவால்வும் அதில் கிடையா. சிலிண்டர்ச் சுவரிலுள்ள வாயில்களைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. புகை வெளியேறும் வாயில் கடைசியாக மூடுவதால், உள்ளே வந்த புதுக் கலவையும் புகையோடு ஓடிவிடப் பார்க்கும். இதனைத் தடுப்பதற்கே அதன் குழாய் நடுவில் பருத்து, கடையில் குறுகி இருக்கிறது. விரியும் பகுதி வெற்றிட அலையை அனுப்பிப் புகையை இழுக்கிறது. குறுகும் பகுதி, வரிசைத் தலைப்பில் நிற்கும் சுவரைப்போல, அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியேறப் பார்த்த கலவையை உள்ளே தள்ளுகிறது. அங்கே குழாய்தான் வால்வு!

இக்கணக்கைத் துல்லியமாக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்துப் பொறியியலாளர் வால்டர் காடன். இவ்வமைப்பை முதலில் கண்டவர் அவரல்லர். ஆயினும் 1950களில் அலையின் போக்கை அளந்தளந்து குழாயை எஞ்சினோடு இணக்கியவர் அவரே. 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைச் சக்தியை எட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் சுவீடன் பந்தயத்துக்குச் சென்ற அந்நிறுவன ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாடு திரும்பாமல் தப்பி, ஜப்பானின் சுசூகி நிறுவனத்தில் சேர்ந்தார். 1962இல் 50 சி.சி. பிரிவின் உலகப் பட்டத்தைச் சுசூகி வண்டியில் வென்றார். அவர் சுமந்து சென்ற அறிவில் இக்குழாயின் கணக்கும் ஒன்று. நாடுகள் இவ்வாறு மறைத்துக் காத்த ஒன்றைத்தான் பட்டறை ஓரத்தில் எறிகிறார்கள்.

தொழிற்சாலைக் குழாய் குறையற்றது என்று சொல்வதற்கில்லை. ஓசை விதி, புகை விதி, விலை ஆகிய மூன்றுக்கும் உட்பட்டே அதைச் செய்கிறார்கள். அவற்றைக் கருதாத வல்லுநர் ஒருவர் உச்ச வேகத்தில் சிறிது கூடுதல் ஆற்றல் தரும் குழாயைச் செய்துவிடலாம், எடையையும் குறைக்கலாம். ஆனால் உச்சத்தில் கிடைத்தது பெரும்பாலும் நடுவேகத்தில் போய்விடுகிறது. தோட்டத்து மேட்டில் மனைவியைப் பின்னே அமர்த்தி ஏறுபவருக்கு வேண்டியது அந்த நடுவேகத்து இழுவையே. அன்றியும், குழாயை மட்டும் மாற்றிவிட்டுக் கார்புரேட்டரை அப்படியே விட்டால், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை எரியக்கூடும். அதனால் சூடு ஏறும். இரு வீச்சு எஞ்சினில் பிஸ்டனே உருகித் துளைபடுவதும் உண்டு. புது வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி, குழாயில் உள்ள பிராணவாயு உணரியைப் பார்த்து ஓரளவு தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் அத்திருத்தத்துக்கும் எல்லை உண்டு. நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்கி பழைய குழாயோடு கழன்று போயிருந்தால் அதற்கு ஈடே இல்லை.

உள்ளிருக்கும் தடுப்புத் தகடுகளை மட்டும் வெட்டி எறிவோரும் உளர். இதில் பெருகுவது முழக்கம் ஒன்றே. காது ஆற்றலை அளக்கும் கருவி அன்று. அது எளிதில் கெடும் கருவியுங்கூட. 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது தொழிற்சுகாதார வல்லுநர் கொள்ளும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்கின்றனர். அக்கணக்கின்படி 94 டெசிபெல்லில் 1 மணி நேரம், 100 டெசிபெல்லில் கால் மணி நேரமே. நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் தொலைவையும், அவ்விளைஞனின் வயதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். இழந்த செவிப்புலன் பெரும்பாலும் மீள்வதில்லை. இரவு வேலை முடிந்து பகலில் உறங்கும் அண்டைவீட்டாருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை; ஆயினும் அவர்களும் இதைக் கேட்டே ஆகவேண்டியிருக்கிறது.

“சத்தம் கேட்டால்தானே லாரிக்காரன் விலகுவான்?” என்று இளைஞர் வினவுவர். புறந்தள்ளக்கூடிய வினா அன்று. உயிரச்சத்தில் எழும் வினா. ஆனால் குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. முழக்கத்தில் பெரும்பங்கு ஓட்டியவன் கடந்து வந்த வழிக்கே போகிறது. சந்தியில் எதிரே குறுக்கிடும் வண்டிக்கோ, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தில் அமர்ந்திருப்பவருக்கோ அது கேட்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எரியும் முன்விளக்கும் வெளிர்நிறச் சட்டையும் அதைவிட முன்னதாகச் சேதி சொல்லும்.

மலேசியாவில் வாகன ஓசைக்கென 1987ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிகள் உள்ளன. சிங்கப்பூரிலும் ஓசைக்கு வரம்பு உண்டு. பந்தயத்தில் ஆர்வம் உள்ளவனுக்குச் சிப்பாங் போன்ற ஓடுதளங்கள் இருக்கின்றன. அங்கே குழாயோடு கார்புரேட்டர், பற்சக்கரம் எல்லாவற்றையும் ஒருங்கே இணக்கி, ஆற்றலைக் கருவிகொண்டு அளந்து பார்க்கிறார்கள். அளந்து பார்த்து மாற்றுவது பொறியியல்.

எவ்வளவு சொல்லியும் மாற்றியே தீருவேன் என்பவன், கழற்றிய குழாயைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதிருப்பது நல்லது. புதிதாக வாங்கப் போனால் அதன் விலை மலைக்க வைக்கும். உள்ளிருக்கும் ஈரத்தை வடித்து, இரு வாயிலும் எண்ணெய்த் துணியை அடைத்து, சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தால், அவன் மனம் மாறும் வரை துருவேறாமல் இருக்கும்.