செலவில்லாமல் ராணி வேடம்!

குட்டீஸ்... மாறுவேடப் போட்டியில் விக்டோரியா மகாராணியாக ஆசையா? வாடகை உடைக்குப் பணம் கேட்டு, அப்பாவைத் திணறடிக்க வேண்டாம்!

கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை, 1690ல் வாங்கிய ஆங்கிலேயர், நம் நெசவாளர்களின் துணிகளைக் கப்பலேற்றினர். பின்னாளில் அவர்கள் நாட்டை ஆண்ட விக்டோரியா, 1861ல் கணவர் ஆல்பர்ட் இறந்தது முதல், 1901ல் தான் இறக்கும் வரை கறுப்பு உடையே அணிந்தார். அக்காலத்தில், துக்கத்துக்குப் புது உடை வாங்க முடியாத ஏழைகள், பழைய துணிக்கே கறுப்புச் சாயம் ஏற்றினர்.

நீங்களும் இருப்பதை வைத்தே அசத்தலாம். அக்காவின் கறுப்புப் பாவாடை, அண்ணனின் கறுப்பு முழுக்கைச் சட்டை போதும். கடலூரோ, சிதம்பரமோ, உங்கள் தெரு தையல் கடையில் மீந்த லேஸ் துண்டு கேட்டு, கழுத்திலும், கை நுனியிலும் தையுங்கள். தலையில் வெள்ளைக் கைக்குட்டையைக் குத்தினால், ராணியின் தொப்பி ரெடி!

போட்டி முடிந்ததும் லேசைப் பிரித்து, சட்டையை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்!