கஸ்தூரி வணிகரும் உலைத் துருத்தியும்

நல்ல தோழமைக்கும் தீய தோழமைக்கும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியருளிய உவமையை அறியாதார் நம்மில் இலர். கஸ்தூரி விற்பவர் ஒருவர். கொல்லன் உலையில் துருத்தி ஊதுபவர் மற்றொருவர். முன்னவரிடம் சென்றால் அவரே நமக்குச் சிறிது அன்பளிப்பாகத் தரக்கூடும்; நாம் விலை கொடுத்து வாங்கவும் கூடும்; இரண்டும் இல்லையெனினும், அருகே நின்ற நேரத்திற்கு நறுமணமேனும் நமக்குக் கிட்டும். பின்னவரிடம் சென்றாலோ தீப்பொறி பட்டு ஆடை கருகும். அன்றேல் கெட்ட வாடையாவது நம்மைச் சேரும். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்நபிமொழியைப் பள்ளிவாசல் பயான்களில் பன்முறை கேட்டிருக்கிறோம். கேட்டு வீடு திரும்பியதும் நம் பிள்ளைகள் யாருடன் திரிகின்றனர் என்று விசாரிக்கிறோம். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த உவமை பிள்ளைகளோடு முடிந்துவிடுகிறதா? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு, ஒரு மனிதரின் வாழ்வைச் சற்றே பாருங்கள்.

அவர் 39 ஆண்டுகளே வாழ்ந்தார். 1925 மே 19 அன்று அமெரிக்காவின் ஒமாஹா நகரில் மால்கம் லிட்டிலாகப் பிறந்தார். மால்கம் எக்ஸ் என்று உலகப் புகழ் பெற்றார். அல்ஹாஜ் மாலிக் அல்-ஷபாஸாக 1965இல் மண்ணறை புகுந்தார். மூன்று பெயர்களுக்கும் இடையே நடந்தது என்ன என்று தேடினால், நூல்களும் நிகழ்ச்சிகளும் இருக்கவே செய்கின்றன. ஆனால் அவற்றிற்கெல்லாம் முன்னால் மனிதர்கள் நிற்கின்றனர்.

மால்கமுக்கு ஆறு வயதாகியிருந்தபோது, 1931இல், தந்தை டிராம் வண்டியின் அடியில் சிக்கி மாண்டார். வெள்ளை இனவெறியர்களே அவரைக் கொன்றனர் என்பது குடும்பத்தாரின் நம்பிக்கை. வறுமையோடு போராடிய தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், குழந்தைகள் சிதறினர். மிச்சிகன் மாநிலத்தில் மேசன் என்னும் சிற்றூரின் பள்ளியில், வெள்ளை மாணவர்கள் நடுவே, முதல் வரிசை மாணவர்களுள் ஒருவராக மால்கம் விளங்கினார். வகுப்புத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரிடம் ஆசிரியர் ஒருவர், வருங்காலத்தில் என்னவாக விரும்புகிறாய் என்று கேட்டார். வழக்கறிஞராக வேண்டும் என்றான் சிறுவன். உன் இனத்தவனுக்கு அது ஆகக்கூடிய காரியமன்று, தச்சுத் தொழிலைப் பற்றி எண்ணிப் பார் என்று ஆசிரியர் அறிவுரை கூறினார். மதிப்பெண்ணில் பின்தங்கிய வெள்ளை மாணவர்கள் கேட்ட ஆசைகளுக்கெல்லாம் ஊக்கமளித்தவரும் அதே ஆசிரியரே. அவர் தமக்குத் தீங்கு நினைத்துச் சொன்னாரல்லர் என்று மால்கமே பின்னாளில் எழுதினார். இருந்தும் அன்றிலிருந்து அச்சிறுவனின் உள்ளம் பள்ளியை விட்டு விலகிற்று. நலம் நாடுவோரின் கைகளிலும் துருத்தி இருப்பதுண்டு, அன்பர்களே!

பாஸ்டனிலும் நியூயார்க்கின் ஹார்லெமிலும் கழிந்த அடுத்த ஆண்டுகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. சூதாட்டம், போதைப் பொருள், திருட்டு என்று தெரு கற்பித்த பாடங்கள் அனைத்தையும் அவர் கற்றார். 1946 பிப்ரவரியில், 21 வயது நிறையும் முன்னரே, வீடு புகுந்து திருடிய குற்றத்திற்காகச் சார்ல்ஸ்டவுன் சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே இறைவனையும் வேதங்களையும் அவர் ஏசிய ஏச்சைக் கேட்டு, உடனிருந்த கைதிகளே அவருக்குச் சாத்தான் என்று பெயரிட்டனர்.

நம் மேடைகளில் மால்கமைப் பற்றிப் பேசுவோர் இவ்விடத்தில் அவசரப்பட்டுவிடுகின்றனர். சிறையிலிருந்து நேரே மக்காவுக்குத் தாவிவிடுகின்றனர். இடையில் நின்ற ஒரு மனிதரைக் கடந்து போய்விடுகின்றனர். பெம்ப்ரி என்பது அவர் பெயர். அவரும் பழைய கைதியே. முஸ்லிம் அல்லர், எந்தச் சமயத்திலும் பற்றுடையவராகவும் அவர் தோன்றவில்லை. ஆயினும் சிறைப் பட்டறையில் வேலை முடிந்து அவர் பேசத் தொடங்கினால், கறுப்பரும் வெள்ளையரும் சூழ்ந்து நின்று கேட்பர். காவலர்களும் காது கொடுப்பர். கைவலிமையாலன்றிச் சொல்வலிமையால் மட்டுமே ஒருவர் மதிப்புப் பெறுவதை மால்கம் முதன்முதலாகக் கண்டது அவரிடத்தில்தான். ஒரு நாள் அவர் மால்கமிடம், உனக்கு மூளை இருக்கிறது, அதைப் பயன்படுத்து என்று ஒளிவு மறைவின்றிச் சொன்னார். அஞ்சல் வழிப் பாடங்களில் சேரவும், சிறை நூலகத்தை நாடவும் தூண்டினார். வேறெதுவும் அவர் கொடுக்கவில்லை. பள்ளி ஆசிரியர் ஒரே உரையாடலில் அடைத்த கதவை இக்கைதி ஒரே உரையாடலில் திறந்துவிட்டார்.

பிறகு உடன்பிறந்தோரின் கடிதங்கள் வந்தன. பன்றி இறைச்சியை உண்ணாதே, சிகரெட்டைத் தொடாதே, சிறையிலிருந்து வெளிவரும் வழியைக் காட்டுகிறேன் என்று தம்பி ரெஜினால்டு எழுதினார். இது ஏதோ தந்திரமென்று எண்ணியே மால்கம் அதற்கு இணங்கினார்! 1948இல் நார்ஃபோக் சிறைக்கு மாற்றப்பட்டதும், அங்கிருந்த பெரிய நூலகம் அவரை ஆட்கொண்டது. சொற்கள் புரியாமையால் அகராதி ஒன்றைப் பெற்று, அதன் முதற் பக்கத்தை நிறுத்தற் குறிகள் உட்பட எழுதிப் படித்தார். பின்னர் பக்கம் பக்கமாகத் தொடர்ந்தார். இரவு விளக்கணைந்த பின் நடைவழியிலிருந்து வந்த மங்கிய ஒளியில் தரையில் அமர்ந்து வாசித்துக் கண்களைக் கெடுத்துக்கொண்டார். இத்தனையும் அவருக்கு இயன்றது. ஆனால் தொழுவதற்காக முழங்காலை மடக்குவது மட்டும் இயலவில்லை. அதற்கு ஒரு வாரமாயிற்று என்று அவரே கூறியிருக்கிறார். பூட்டை உடைக்கும்போது மட்டுமே மண்டியிட்டுப் பழகிய முழங்கால்கள் அவை.

உடன்பிறந்தோர் அழைத்தது 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்னும் இயக்கத்திற்கு. அதன் தலைவர் எலிஜா முஹம்மது. அவருக்கு மால்கம் சிறையிலிருந்து நாள்தோறும் மடல் எழுதினார். 1952இல் விடுதலையாகி அவரை நேரில் கண்டார். தந்தையினும் மேலாகப் போற்றினார். இம்மனிதரை எத்தட்டில் வைப்பது? குடியையும் போதையையும் சூதையும் கைவிட்ட தூய வாழ்வை மால்கமுக்கு அளித்தவர் அவர். தன் இனத்தைக் குறித்து நாணாத நெஞ்சை அளித்தவரும் அவர். இறுதித் தூதருக்குப் பின் தம்மைத் தூதர் என்றவரும் அவரே; வெள்ளையர் அனைவரும் பிறப்பாலேயே சாத்தான்கள் என்று கற்பித்தவரும் அவரே. கஸ்தூரிக் கடையும் கொல்லன் உலையும் சில சமயம் ஒரே கூரையின் கீழ் அமைந்துவிடுகின்றன. அங்கே 12 ஆண்டுகள் இருந்த மால்கமின் ஆடையில் இரண்டும் ஏறியிருந்தன. தலைவரின் தனி வாழ்வைப் பற்றிய உண்மைகள் வெளிப்பட, மனம் உடைந்து 1964 மார்ச்சில் வெளியேறினார்.

அவ்வாண்டு ஏப்ரலில் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டார். நியூயார்க்கில் மார்க்கப் பணியாற்றிய எகிப்தியப் பேராசிரியர் மஹ்மூது யூசுஃப் ஷவர்பி ஒரு பரிந்துரைக் கடிதத்தையும், அப்துர் ரஹ்மான் அஸ்ஸாம் எழுதிய ஒரு நூலையும், ஜித்தாவிலிருந்த அவருடைய மகனின் தொலைபேசி எண்ணையும் தந்திருந்தார். ஜித்தா விமான நிலையத்தில், இவர் முஸ்லிம்தானா என்று ஐயுற்று அதிகாரிகள் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டனர். அங்கிருந்த தங்குமிடத்தில் பல நாட்டுப் பயணிகளோடு தொழ நின்றபோது, தமக்குத் தொழத் தெரியவில்லை என்பதை அவர் உணர்ந்தார். ஆயிரக்கணக்கானோருக்கு மார்க்கம் போதித்தவர்! இருப்பு நிலையில் கால்கள் மடங்க மறுத்து வலித்தன. அருகிலிருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றார்.

அப்போதுதான் அத்தொலைபேசி எண் நினைவுக்கு வந்தது. மகன் உமர் அஸ்ஸாம் உடனே வந்து அவரை மீட்டுச் சென்றார். தந்தை அப்துர் ரஹ்மான் அஸ்ஸாம் எளிய மனிதரல்லர். அரபுக் கூட்டமைப்பின் முதல் பொதுச் செயலாளராக இருந்தவர். ஜித்தா பேலஸ் ஓட்டலில் தாம் தங்கியிருந்த அறைகளை முன்பின் அறியாத இவருக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, அப்பெரியவர் தம் மகனின் இல்லத்தில் போய்த் தங்கினார். மால்கம் எண்ணினார். அமெரிக்காவில் இம்மனிதரை வெள்ளையர் என்றே அழைப்பர். என்னால் இவருக்கு ஆவதென்ன? என் நாட்டுப் பத்திரிகைகள் தூற்றும் ஒருவனுக்கு உதவுவதால் இவருக்கு இழப்பேயன்றி வரவேது? கணக்குப் போட்டுப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. வெள்ளையரைப் பற்றித் தாம் கொண்டிருந்த கருத்தை மறு ஆய்வு செய்யத் தொடங்கியது அங்கேதான் என்று அவர் எழுதியுள்ளார். நீலவிழியினரோடு ஒரே தட்டில் உண்டதையும், ஒரே விரிப்பில் உறங்கியதையும் மக்காவிலிருந்து அவர் எழுதிய மடலை நம்மவர் பலரும் எடுத்துக்காட்டுவர். அந்த மடலுக்கு முன்னே காலி செய்யப்பட்ட ஓர் ஓட்டல் அறை இருந்தது.

இதுவரை, மால்கம் யாரைச் சந்தித்தார் என்றே பார்த்தோம். மால்கமைச் சந்தித்தவர்களுக்கு என்ன கிட்டிற்று? நபிமொழியின் உவமையில் கடைக்குச் செல்பவராகவே நம்மை நாம் வைத்துப் பார்க்கிறோம். கடையில் அமர்ந்திருப்பவரும் நாமாக இருக்கலாமன்றோ?

ஹஜ்ஜுக்கு முந்திய நாட்களில், ஒரு கல்லூரியில் மால்கம் ஆற்றிய உரையைக் கேட்ட வெள்ளை மாணவி ஒருத்தி, அடுத்த விமானத்திலேயே நியூயார்க்குக்குப் பின்தொடர்ந்து வந்தாள். ஹார்லெமில் முஸ்லிம்கள் நடத்திய உணவு விடுதியில் அவரைக் கண்டு, நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார் மால்கம். அப்பெண் அழுதுகொண்டே வெளியே ஓடினாள்.

மக்காவிலிருந்து திரும்பியவரை அந்த ஒற்றைச் சொல் உறுத்திக்கொண்டேயிருந்தது. உன் இனத்தாரிடையே சென்று இனவெறியை எதிர்த்துப் பணியாற்று, நாங்கள் எங்களிடையே பணியாற்றுகிறோம் என்று இப்போது அவரிடம் விடை இருந்தது. சொல்வதற்கு அவளைக் காணோம். அவள் பெயரையேனும் அறிந்திருந்தால் தொலைபேசியிலோ கடிதத்திலோ கூறியிருப்பேனே என்று தம் தன்வரலாற்றில் ஏங்கினார். 1965 பிப்ரவரி 19 அன்று தம்மைக் காண வந்த புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸிடமும் அப்பெண்ணை நினைவுகூர்ந்து வருந்தினார். இரண்டு நாட்களுக்குப் பின், ஆடுபன் மண்டப மேடையில், ஸலாம் சொல்லி உரையைத் தொடங்கிய வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.